பரண் மேல ஒரு லான்சர்!



உங்க வீட்டுப் பரண்ல என்னென்ன இருக்குனு கடைசியா எப்பப் பார்த்தீங்க? காயின் தொலைஞ்ச கேரம் போர்டு, அக்காவோட ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி கைடு, ஒரு கால் போன நாற்காலி, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்து இன்னும் பிரிக்காத எவர்சில்வர் டிபன் கேரியர்... எல்லா வீட்டுப் பரணும் ஒரே பரண்தான். எங்க வீட்டுப் பரண்ல மட்டும் கூடுதலா ஒரு ஐட்டம் இருந்துச்சு. ஒரு கார்!

எங்க ஊர் திருத்தணி. மலை மேல முருகன், மலைக்குக் கீழ நாங்க. ஆந்திரா பார்டர் பக்கத்துலயே இருக்குறதால வீட்டுல பாதி தமிழ், பாதி தெலுங்கு. அப்பாவை 'நைனா'னுதான் கூப்பிடுவோம். அப்பாவோட அண்ணன், 'பெரிய நைனா'. இந்த வாரக் கதைக்கு அவர்தான் ஹீரோ. நான் சும்மா சைடு ரோல்!

போன நவராத்திரிக்கு கொலுப்படிப் பலகையை இறக்கணும்னு அம்மா என்னைப் பரண்ல ஏத்திவிட்டாங்க. பலகைக்குப் பின்னாடி, பேப்பர்ல சுத்தி, சணல் கட்டி ஒரு அட்டைப்பெட்டி. தூசியைத் தட்டினா, மூடியில ஒரு வெள்ளைக் கார் படம். ஓரத்துல ஒரு சிவப்பு நட்சத்திரம், ஒரு நீல நட்சத்திரம். டமியா கம்பெனியோட 'மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6'. அளவு 1/24. அஞ்சு நிமிஷம் பரண்லயே உட்கார்ந்துட்டேன். கீழே இருந்து அம்மா, "பலகை எங்கேடா?"னு கத்தினது காதுலயே விழலை.

ஏழாங்கிளாஸ் இன்ஜினீயர்!

நான் ஏழாவது படிக்கிறப்ப சிங்கப்பூர்ல இருந்து மாமா வாங்கிட்டு வந்த கிட் அது. பெட்டியைத் திறந்தப்ப அழுகையே வந்துடுச்சு. உள்ளே கார் இல்லை! மீன் முள்ளு மாதிரி பிளாஸ்டிக் சட்டம், அதுல கொத்துக் கொத்தா குட்டிக் குட்டி பார்ட்ஸ். நாலு டயர் மட்டும்தான் பார்த்தவுடனே புரிஞ்சுது. "நீதான்டா இதை ஒட்டிச் சேர்த்து, பெயின்ட் அடிச்சு, காராக்கணும்"னு மாமா சொன்னார். 'காசு கொடுத்து வாங்கிட்டு வேலையும் நாமளே பார்க்கணுமா?'னு தோணுச்சு.

இருந்தாலும் ஆரம்பிச்சேன். எப்படித் தெரியுமா? பார்ட்ஸை வெட்டி எடுக்க வேண்டிய இடத்துல கையால முறுக்கிப் பிய்ச்சேன். கண்ணாடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். அடுத்த நாள் பார்த்தா முன் கண்ணாடி பூரா பனி படர்ந்த மாதிரி வெள்ளை. தப்பு கோந்து மேல இல்லை, அதை அங்கே போட்ட என் மேல! அந்த வகை கோந்து காயும்போது எழும்புற ஆவி, பக்கத்துல இருக்குற தெளிவான பிளாஸ்டிக் மேல வெள்ளையாப் படியும். அதனால கண்ணாடிக்கு நம்ம ஃபெவிகால் மாதிரி வெள்ளைக் கோந்துதான் சரி. காய்ஞ்சா இருக்கிற இடமே தெரியாது. இது இப்பத் தெரியுது. அப்ப தெரியலை.

அப்புறம் என்ன? எட்டாவது போச்சு, "ஒன்பதாவது வந்துட்ட, பத்தாவது பக்கத்துல இருக்கு"ன்னாங்க. டியூஷன் வந்துச்சு. கார் பரணுக்குப் போச்சு. உங்க வீட்டுலயும் இப்படித்தானே? கீபோர்டோ, பெயின்டிங்கோ, செஸ் போர்டோ... பத்தாவது வருஷத்துல பரண் ஏறாத ஆசை எது சொல்லுங்க?

ஒரு பாவமன்னிப்பு

இப்ப நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கம்ப்யூட்டர்ல கியர்பாக்ஸ் வரைவேன். மவுஸை உருட்டினா அது சுத்தும், பிரியும், சேரும். ஆனா கையால ஒரு பொருள்?

உண்மையைச் சொல்லிடறேன். முதல் வருஷம் ஒர்க்‌ஷாப் லேப்ல ஃபிட்டிங் உண்டு. ரெண்டு இரும்புத் தகட்டை அரத்தால ராவி, ஒண்ணுல 'வி' பள்ளம், இன்னொண்ணுல 'வி' முனை எடுத்து, இடைவெளி இல்லாமப் பொருத்தணும். நான் ராவினதுல ரெண்டுக்கும் நடுவுல பஸ்ஸே போகும். கடைசியில என்ன செஞ்சேன்? சீனியர் ஒருத்தர் பழசா வெச்சிருந்த ஜாயின்ட்டை வாங்கி, நம்பரைத் தேய்ச்சுட்டு, என் நம்பரைப் பஞ்ச் பண்ணிக் கொடுத்துட்டேன். நல்ல மார்க். ரெண்டு வருஷமா அந்த மார்க் எனக்குள்ள முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு.

பரண்ல அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அந்த முள்ளுதான் முதல்ல குத்துச்சு. 'இதையாவது நானே முடிக்கணும்.' கொலு முடிஞ்சதும் ஆரம்பிச்சாச்சு!

இது பொம்மை இல்லை பாஸ்!

"இருபது வயசுல பொம்மைக் காரா?"னு ஹாஸ்டல் நண்பன் சிரிச்சான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

1/24னா, நிஜக் காரோட ஒவ்வொரு அளவையும் 24-ஆல வகுத்துக்கணும். எவல்யூஷன் 6-ஓட நீளம் 4,350 மில்லிமீட்டர். 24-ஆல வகுத்தா சுமார் 181. அதாவது ஒரு ஸ்கேல் நீளத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஏன் 24? அடி, இஞ்ச் கணக்கு! ஒரு அடிக்கு அரை இஞ்ச்னு வெச்சா சரியா 24-ல ஒரு பங்கு. ராணுவ டாங்கி மாடல்கள்ல பிரபலமான 1/35-க்கு இன்னும் சுவாரஸ்யமான காரணம் உண்டு. டமியா தன்னோட முதல் டாங்கியை ஓடுற மாதிரி செஞ்சப்ப, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் நுழையணுமே! அதுக்கு எந்த அளவு தேவைப்பட்டுச்சோ, அதுதான் 1/35 ஆச்சு. இன்னிக்கு உலகமே அந்த அளவுலதான் டாங்கி செய்யுது.

அந்த டமியாவோட கதையும் ஜாலியான கதைதான். ஜப்பான்ல ஷிசுவோகாங்கற ஊர்ல 1946-ல மரக்கடையா ஆரம்பிச்ச கம்பெனி அது. மரத்துல மாடல் செஞ்சு வித்தாங்க. ஊர் பூரா பிளாஸ்டிக்குக்கு மாறினதும் 1960-ல முதல் பிளாஸ்டிக் கிட், 'யமாட்டோ' போர்க்கப்பல். அது கையைக் கடிச்சுடுச்சு. அப்புறம் வந்த டாங்கிதான் காப்பாத்துச்சு. 1976-ல போர்ஷே 934 மாடல் செய்யறதுக்கு, நிறுவனத்தை நடத்தின ஷுன்சாக்கு டமியா ஒரு நிஜ போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, பிரிச்சுப் போட்டு அளவெடுக்க வெச்சார்! 2025 ஜூலையில தன்னோட 90-வது வயசுல காலமானார். ஒரு குட்டிக் காருக்காக ஒரு பெரிய காரைப் பிரிச்சுப் போட்ட மனுஷன்!

இங்கிலாந்துல ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட முதல் மாடல் 1949-ல வந்த ஒரு ஃபெர்குசன் டிராக்டர். டிராக்டர் விக்கிறவங்களுக்கு விளம்பரத்துக்காகச் செஞ்சது. அமெரிக்காவுல ஏ.எம்.டி. கம்பெனியும் கார் ஷோரூம்களுக்கு விளம்பர மாடல் செஞ்சுதான் ஆரம்பிச்சது. பெரிய வண்டியை விக்க வந்த குட்டி வண்டி, தனியா ஒரு உலகத்தையே பிடிச்சிடுச்சு.

சரி, திருத்தணிக்கும் லான்சருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு! எங்க மாவட்டம் திருவள்ளூர். நான் காலேஜ் போற லோக்கல் ட்ரெயின் அரக்கோணம் தாண்டினா கடம்பத்தூர் வரும். அந்தப் பக்கத்துல இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரியிலதான் 1998-ல இருந்து மிட்சுபிஷி லான்சர் தயாராச்சு. சாதா லான்சர்தான், எவல்யூஷன் இல்லை. ஆனா அதே குடும்பத்து அண்ணன்காரன்தான் எவல்யூஷன். ஃபின்லாந்து வீரர் டோமி மேக்கினன் 1996-ல இருந்து 1999 வரைக்கும் தொடர்ந்து நாலு வருஷம் உலக ரேலி சாம்பியன் ஆனது லான்சர் எவல்யூஷன்லதான். 1999-ல ஓட்டினது எவல்யூஷன் 6. இன்னிக்கு திருவள்ளூர்ல இருந்து வெளியே வர்றது சிட்ரோயன் கார்கள். ஆக, என் பரண்ல இருந்தது ஜப்பான் கார் மட்டுமில்லை, எங்க மாவட்டத்துக்குச் சொந்தக்காரக் கார்!

அய்யோ, உருகுதே!

இப்ப பெரிய நைனா. சென்னை - திருப்பதி ரோட்டுல ஒரு டிங்கரிங் ஷெட்ல அவர் பெயின்டர். 25 வருஷத்துக்கு மேல. அடிபட்டு வந்த அம்பாசிடர், லாரி, வேன்... எத்தனையோ வண்டிக்குப் புது முகம் கொடுத்தவர். மூக்குல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு ஸ்ப்ரே அடிப்பார். அந்தத் துண்டு தூசியைத்தான் நிறுத்தும். பெயின்ட் ஆவியை நிறுத்தாதே! மூணு வருஷம் முன்னால மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. டாக்டர் "இனி ஷெட் பக்கமே போகக் கூடாது"ன்னுட்டார். அன்னையில இருந்து திண்ணைதான். பக்கத்துல இன்ஹேலர், மடியில பேப்பர். பெயின்ட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம்.

நான் அவர்கிட்ட கேட்காமலே வேலையை ஆரம்பிச்சேன். அக்டோபர் வெயில், மத்தியானம் ரெண்டு மணி, மொட்டை மாடி, கையில ஸ்ப்ரே கேன். 'வெயில்ல அடிச்சா சீக்கிரம் காயும்'ங்கிறது என்னோட இன்ஜினீயரிங் மூளை! காய்ஞ்சுது. ஆனா கார் மேல இல்லை, காத்துலயே! பெயின்ட் துளி காருக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே காய்ஞ்சு, பவுடரா விழுந்துச்சு. கூடவே மெயின் ரோட்டு லாரிப் புழுதி. பாடி பூரா உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.

சோகமா கீழே வந்து திண்ணையில வெச்சேன். பெரிய நைனா பேப்பரை இறக்கிட்டுப் பார்த்தார். விரலால ஒரு தடவு தடவினார். "ஏம்ரா இது, முதலைத் தோல் மாதிரி? தின்னர்ல துணியை நனைச்சுத் துடைச்சுடு. முதல்ல இருந்து அடி." ரெண்டே வரி. பேப்பரைத் தூக்கிட்டார்.

துடைச்சேன். பானெட் மேல துணி பட்ட இடம் முதல்ல வழுவழுன்னு ஆச்சு. 'ஆஹா'ன்னு இன்னொரு தடவை அழுத்தினேன். பெயின்ட்டோட சேர்ந்து பானெட்டும் குழைஞ்சு, என் விரல் அச்சு அப்படியே உள்ளே இறங்கிடுச்சு!

தின்னர் இரும்பை ஒண்ணும் செய்யாது. ஆனா கிட்ல இருக்கிறது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தின்னர்ல கரையும். யோசிச்சுப் பாருங்க, மாடல் ஒட்டுறதுக்கான சிமென்ட் வேலை செய்யறதும் இதே தத்துவத்துலதான். ரெண்டு பக்கமும் லேசாக் கரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு கலந்து, காய்ஞ்சா ஒரே துண்டு. ஒட்டுறதும் கரைசல்தான், கெடுக்கிறதும் கரைசல்தான்.

என் சத்தம் கேட்டு பெரிய நைனா எழுந்து வந்தார். காரைக் கையில வாங்கினார். ரொம்ப நேரம் பேசலை. "இரும்புன்னு நெனச்சு சொல்லிட்டேன்டா... பிளாஸ்டிக்னு தோணவே இல்லை"ன்னார். அந்தக் குரல் இருக்கே மக்களே... எனக்கு கார் போனது மறந்துபோச்சு. "பரவாயில்லை பெரிய நைனா, பழைய பொம்மைதானே"ன்னேன். திரும்பி ஒரு முறை முறைச்சார் பாருங்க! "பொம்மையா? டென்ட் விழுந்த வண்டியை யாராவது தூக்கிப் போடுவாங்களா? போய் பட்டி வாங்கிட்டு வா!"

1/24 டிங்கரிங்

பட்டினா காருக்குப் போடுற என்.சி. பட்டி. ஒரு சின்ன டியூப். அப்புறம் வாட்டர் பேப்பர்: 400, 600, 1000, 2000. நம்பர் ஏற ஏற தாள் மென்மையாகும்.

மூணு வருஷத்துக்கு அப்புறம் பெரிய நைனா வேலைக்கு உட்கார்ந்தார். ஜன்னல் எல்லாம் திறந்து, ஃபேன் போட்டு, நான் முகமூடி மாட்டிக்கிட்டு பட்டி வெச்சேன். அவர் தள்ளி உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்யணும். இதான் டீல். "கனமா வெக்காதே, விரிஞ்சுடும். தோசைக்கு எண்ணெய் தடவுற மாதிரி தடவு. காயட்டும். நாளைக்கு இன்னொரு தடவை." அவசரப்பட்டு ஒரே தடவையில ரொப்பினா பட்டி காயும்போது சுருங்கி, பள்ளம் மறுபடி எட்டிப் பார்க்கும். நாலு நாள், நாலு மெல்லிசு பூச்சு.

காய்ஞ்ச பிறகு, தாளை ஐஸ்க்ரீம் குச்சியில சுத்தி, தண்ணி தொட்டுத் தேய்க்கணும். வெறும் விரலால தேய்ச்சா விரல் இருக்கிற இடம் மட்டும் குழியும். தேய்க்கிற வேலை அவருடையது. தண்ணி விட்டுத் தேய்ச்சா தூசி பறக்காது. அவர் கை இப்ப லேசா நடுங்கும். ஆனா காரை இடது உள்ளங்கையில அணைச்சு, வலது விரலை அழுத்தி வெச்சதும் அந்த நடுக்கம் நின்னுடுச்சு. கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும்டா. விரல் ஏமாத்தாது." என் கண்ணுக்கு எப்பவோ சரியாயிட்ட இடத்துல, அவர் விரலுக்கு இன்னும் மேடு தெரிஞ்சுது.

ரெண்டு வாரத்துல பானெட் ரெடி. விரல் அச்சு எங்கே இருந்துச்சுன்னு என்னாலயே கண்டுபிடிக்க முடியலை!

மாடிப்படி கமென்ட்ரி!

அடுத்தது பெயின்ட். அதுக்குள்ள நவம்பர் வந்து மழை பிடிச்சுக்கிச்சு. "மழைக்காத்துல அடிச்சா வெளுத்துப்போகும்"னு பெரிய நைனா தடை உத்தரவு. ஏன்னு தெர்மோடைனமிக்ஸ் படிச்சவன் யோசிச்சேன். தின்னர் வேகமா ஆவியாகும்போது பெயின்ட் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா, சில்லுனு இருக்கிற தம்ளர் மேல முத்து முத்தா தண்ணி படியுமே, அதே மாதிரி ஈரம் பெயின்ட் மேல படிஞ்சு, பால் தெளிச்ச மாதிரி வெளுத்துடும். நான் பாடப் புத்தகத்துல படிச்சதை அவர் ஷெட்ல படிச்சிருக்கார். அவர் ஃபார்முலா ஒரே வரி: "துவைச்ச துணி காயாத நாள்ல பெயின்ட் அடிக்காதே!"

எங்க ஊர்ல மே மாசம் 40 டிகிரியைத் தாண்டும். மழைன்னா விடாம அடிக்கும். ஆக, பெயின்ட் அடிக்க நல்ல நாள் பார்க்கறது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கற மாதிரி. டிசம்பர்ல ஒரு காலை, பத்து மணி, மிதமான வெயில், காத்து இல்லை. முகூர்த்தம் வந்துச்சு.

ஒரு சிக்கல். ஸ்ப்ரே அடிக்கிற இடத்துல அவர் நிக்கக் கூடாது. அதனால மாடியில நான். கீழே, மாடிப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு அவர். நான் அடிக்க ஆரம்பிச்சேன். 'ஸ்ஸ்ஸ்...' கீழே இருந்து சத்தம்: "கையை நிறுத்தாதே! ஓட்டு, ஓட்டு!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பார்க்காம எப்படித் தெரியும்? காதுதான்! ஸ்ப்ரே சத்தம் ஒரே சீரா வந்தா கை ஓடுது. காருக்கு வெளியே ஆரம்பிச்சு, கார் மேல ஓடி, வெளியே போய் முடியணும். சத்தம் இழுத்துக்கிட்டே இருந்தா ஒரே இடத்துல நிக்கிறேன், பெயின்ட் வழியப் போகுதுன்னு அர்த்தம். "முதல் கோட்டிங் பனி மாதிரி தூவு. கலர் மூடணும்னு ஆசைப்படாதே. பத்து நிமிஷம் விடு. ரெண்டாவதும் தூவல். மூணாவதுதான் ஈரமா, பளபளப்பா." 25 வருஷ அனுபவம் ஒரு மூடின கதவுக்குப் பின்னாடி நின்னு ரேடியோ கமென்ட்ரி சொல்லுச்சு!

மூணாவது கோட்டிங் முடிஞ்சு, ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடி வெச்சேன். மறுநாள் திறந்தா... வெள்ளை வெளேர்னு ஒரு லான்சர். அதுல என் மூஞ்சி தெரிஞ்சுது!

அப்புறம் டீக்கால். வெதுவெதுப்பான தண்ணியில அரை நிமிஷம் ஊறவெச்சு, தாள்ல இருந்து நழுவவிட்டு ஒட்டுற படம். பனி படர்ந்த பழைய முன் கண்ணாடியை 2000 தாள், அப்புறம் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சே தெளிய வெச்சார். "கை நடுங்குறதும் நல்லதுக்குத்தான்டா. பாலிஷ் தானா விழுது"ன்னு சிரிச்சார். மூணு வருஷத்துல அவர் தன்னைப் பத்தி அடிச்ச முதல் ஜோக் அது.

பாக்கெட் மணி பிரச்னை

"நல்லாத்தான் இருக்கு, ஆனா விலை?"ன்னு கேட்கறீங்களா? நியாயம். இந்த கிட்கள் பெரும்பாலும் இறக்குமதி. வெளிநாட்டுப் பொம்மைக்கு அடிப்படை சுங்க வரி 2020 பிப்ரவரியில 20 சதவிகிதத்துல இருந்து 60 ஆச்சு. 2023 பட்ஜெட்ல 70. ஸ்கேல் மாடலும் சுங்கக் கணக்குல பொம்மை வர்ற அதே தலைப்புலதான் வருது. 'இது பொம்மை இல்லை'ன்னு நான் சொன்னா நண்பன் கேட்பான், கஸ்டம்ஸ் கேட்காது! உள்ளூர்ல பொம்மைத் தொழில் வளரணும்கறது வரியோட நோக்கம். பக்கத்து ராணிப்பேட்டையிலயே ஃபன்ஸ்கூல் பொம்மைத் தொழிற்சாலை இருக்கு. அந்த வேலைகள் முக்கியம்தான். ஆனா ஸ்டூடன்ட் பர்ஸுக்கு நல்ல கிட் எட்டாக்கனி.

அதுக்காக விட்டுட முடியுமா? நம்ம தமிழ்நாட்டுல எத்தனை பசங்க ஃபோம் போர்டை வெட்டி, அரசு பஸ்ஸை அச்சு அசலா செய்யறாங்க தெரியுமா? ரூட் போர்டு, ஜன்னல் கம்பி, ஏணி வரைக்கும்! கிட்டே கிடையாது, அளவெடுக்கிறதுல இருந்து எல்லாம் சொந்தம். இன்னொரு வழி, கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் காரைப் பிரிச்சு, தேய்ச்சு, நம்ம இஷ்டத்துக்கு பெயின்ட் அடிக்கறது. அனிமே பார்க்கிற கோஷ்டிக்கு, 1980-ல இருந்து வர்ற பண்டாயோட 'கன்டம்' ரோபோ கிட்கள். இப்ப வர்றதுல பெரும்பாலும் கோந்தே வேணாம், அழுத்தினா மாட்டிக்கும்.

ஆரம்பிக்கப் போறவங்களுக்கு, பெரிய நைனா அண்ட் கோ தர்ற டிப்ஸ்:

* பார்ட்ஸைப் பிய்க்காதீங்க. சட்டத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை பிளேடால சீவி, தாள் போடுங்க. நெயில் கட்டரே போதும்.

* ஒட்டறதுக்கு முன்னாடி ஒருமுறை சும்மா பொருத்திப் பாருங்க.

* பெயின்ட்டுக்கு முன்னாடி பாடியை சோப்புத் தண்ணியில கழுவிக் காயவைங்க. கை எண்ணெய் இருந்தா பெயின்ட் பிடிக்காது. அப்புறம் ப்ரைமர்.

* பெயின்ட் சொதப்பினா தின்னர் கூடவே கூடாது! அக்ரிலிக் பெயின்ட்னா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைக்கலாம். அதையும் உள்பக்கம் ஒரு ஓரத்துல சோதிச்சுட்டு.

* துண்டோ, துணி மாஸ்க்கோ பெயின்ட் ஆவிக்குப் போதாது. கரி ஃபில்டர் வெச்ச முகமூடி வாங்குங்க. கிட்டுக்கு முன்னாடி அதை வாங்குங்க. இந்த ஒரு டிப்ஸை பெரிய நைனா ரெண்டு தடவை எழுதச் சொன்னார். கிட்டுக்கு முன்னாடி அதை வாங்குங்க!

ஒரு நாளைக்கு ஒரு படி

எங்க மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 ராத்திரி திருப்படித் திருவிழா. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவெச்சது. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சு, சூடம் ஏத்தி, பாடிக்கிட்டே ஏறுவாங்க. யாரும் ஓட மாட்டாங்க. இந்தப் படி முடிஞ்சாத்தான் அடுத்த படி. மாடல் கிட்டோட விளக்கத் தாளும் அதே மாதிரிதான். படி 1, படி 2, படி 3. ஏழாவதுல நான் ரெண்டு ரெண்டு படியாத் தாவினேன், அதான் பரண்ல விழுந்தேன்.

அன்னிக்கு ராத்திரி பெரிய நைனா அடிவாரம் வரைக்கும் வந்தார். மூச்சு வாங்கும், ஏற முடியாது. நாங்க ஏறிட்டு இறங்கி வந்து தேடினா ஆளைக் காணோம். பகீர்னு ஆயிடுச்சு. கடைசியில பார்த்தா ஒரு பொம்மைக் கடையில நிக்கிறார். கையில ஒரு பிளாஸ்டிக் அம்பாசிடர். கவிழ்த்துப் போட்டு அடியில ஸ்க்ரூ எண்ணிக்கிட்டிருந்தார்!

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல நின்னுபோச்சு. ஆனா பொம்மைக் கடையில இன்னும் ஓடுது. "நாலு ஸ்க்ரூதான்டா. கழட்டிட்டா பாடி தனியா வந்துடும். கறுப்பு அடிப்போமா? கறுப்புலதான்டா பெயின்டரோட கை தெரியும், சின்னச் சொரசொரப்பைக் கூட மறைக்காது"ன்னார். கடைக்காரர்கிட்ட இருபது ரூபா பேரம் பேசி வாங்கிட்டுத்தான் நகர்ந்தார்.

இன்னொரு விஷயம். போன வாரம் காலேஜ்ல ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரைப் போய்ப் பார்த்தேன். முதல் வருஷ 'வி' ஜாயின்ட் கதையை ஒப்பிச்சேன். "சார், ஒரு தகடு கொடுங்க. இப்ப நானே ராவறேன்." அவர் கண்ணாடியைக் கழட்டி என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "இப்ப மார்க்கெல்லாம் மாத்த முடியாதுப்பா." "மார்க் வேணாம் சார்."

மூணு சாயங்காலம் ராவினேன். பொருத்தி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஒரு மூலையில இன்னும் கோடு மாதிரி வெளிச்சம் வருது. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். பெரிய நைனா கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவினார்.

"மேடு இருக்குடா."

"தெரியும் பெரிய நைனா."

"பரவாயில்லை, உன் மேடு!"ன்னார்.

அதை இப்ப லான்சருக்குப் பக்கத்துல ஷோகேஸ்ல வெச்சிருக்கேன். சரி மக்களே, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்டூல் போட்டு உங்க வீட்டுப் பரண்ல ஏறிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!